பெரிய ஏரியில் பலத்த காற்றா? பாயைக் குறையுங்கள், முழங்காலை மடக்குங்கள்

ஏரிதானே என்ற நினைப்பில்தான் அன்று விண்ட்சர்ஃபிங் செய்ய 5.7 சதுர மீட்டர் பாயோடு இறங்கினேன். பலகை மேல் நின்று, அதில் பொருத்திய பாயைக் கையால் பிடித்துக் காற்றில் ஓடும் விளையாட்டு அது. காற்று 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். பத்து நிமிடத்தில் பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதுவரை கடலில் ஓடிப் பழகியவன் நான். கடலில் சமாளித்தவனுக்கு ஏரி எம்மாத்திரம் என்ற மிதப்பு அன்றோடு போயிற்று.

ஏரி அலையின் தொல்லை உயரமில்லை, நெருக்கம். கடலில் எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து வரும் அலைகளுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல்கூட இடைவெளி இருக்கும். ஏரி அலையை இன்றைய காற்றே, சில பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் எழுப்புகிறது. மூன்று முதல் ஐந்து விநாடிக்கு ஒன்று வரும், அதுவும் செங்குத்தாக. ஒன்றிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது பலகையின் மூக்குக்கு முன்னால் நிற்கும். ஆழம் குறைந்த ஏரி என்றால் இன்னும் மோசம். அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரிக்குச் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். அதன் குட்டையான, செங்குத்தான அலைகளுக்குக் கப்பல்காரர்களே பயப்படுவார்கள்.

இனி பாய். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் பாயில் விழும் விசை இரண்டேகால் மடங்காகும். 20 நாட் காற்றில் சுகமாக இருந்த பாய் 30 நாட் காற்றில் உங்களைத் தூக்கி எறிவதற்கு இதுதான் காரணம். முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், வீச்சு, அதாவது திடீரென அறையும் காற்றின் வேகம், எவ்வளவு என்றும் பாருங்கள். மலைகளைத் தாண்டி ஏரிக்குள் வரும் காற்று விட்டு விட்டு அறையும். நான் 75 கிலோ. 25 நாட் காற்றுக்கு 4.7 சதுர மீட்டர் பாய், 30 நாட் காற்றுக்கு 4.0 அல்லது 4.2 கட்டுவேன். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் சின்னதுதான். பலகையின் கன அளவு 85 முதல் 90 லிட்டர். நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது, மிதப்பும் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் குறையும். கடலில் 85 லிட்டர் பலகை இங்கே 83 போல நடந்துகொள்ளும். பலகையின் அடியில் மீன் துடுப்பு போல நீட்டியிருக்கும் ஃபினையும் சின்னதாக மாற்றுங்கள்.

பாய் கட்டும்போது நிறையப் பேர் செய்யும் தப்பு: பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் டவுன்ஹால் கயிற்றை அரைகுறையாக இழுத்துவிட்டு, பின்னோக்கி இழுக்கும் அவுட்ஹால் கயிற்றை இறுக்கி ஈடுகட்டப் பார்ப்பது. டவுன்ஹாலைக் கை வலிக்க இழுங்கள். மேல்பகுதியில் பாயின் பின்விளிம்பு தளர்ந்து படபடக்க வேண்டும். வீச்சு வரும்போது அந்தத் தளர்ந்த பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வெளியே விட்டுவிடும். இல்லையென்றால் அத்தனையும் உங்கள் தோளுக்குத்தான்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? பக்கவாட்டில் இருந்து, கொஞ்சம் கரையை நோக்கி அடித்தால் நல்லது. கரையிலிருந்து உள்ளே அடிக்கும் நாளில் தண்ணீர் தட்டையாக, அழகாக, ஆசை காட்டும். உள்ளே போகப் போக அலை வளரும், ஏதாவது உடைந்தால் காற்று உங்களை இன்னும் உள்ளே தள்ளும். அந்த நாளில் நான் இறங்குவதே இல்லை.

இறங்கும்போது அலைக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது. கணுக்காலுக்கு மேலே எனக்கு இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

ஓட ஆரம்பித்ததும் முழங்கால்தான் உங்கள் ஸ்பிரிங். அலை ஏறும்போது காலை மடக்கிப் பலகையை உங்களுக்குக் கீழே எழும்ப விடுங்கள், இறங்கும்போது நீட்டுங்கள். உடம்பு ஒரே உயரத்தில் போக வேண்டும், பலகை மட்டும் ஏறி இறங்கட்டும். அலையை நேராக முட்டாமல் சாய்வாக வெட்டிப் போங்கள். முகட்டில் ஏறும்போது காற்றை நோக்கிக் கொஞ்சம், இறங்கும்போது விலகிக் கொஞ்சம். பயத்தில் வேகத்தைக் குறைத்தால் மூக்கு அலைக்குள் குத்தும். வீச்சு வந்தால், உங்களைப் பாயோடு கொக்கியால் இணைக்கும் பட்டையான ஹார்னஸில் நாற்காலியில் உட்காருவது போலத் தாழ்ந்து தொங்குங்கள். அதையும் மீறித் தூக்கி எறிந்தால், கையால் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பமான பூமை விடாதீர்கள். கையை விட்டவர்தான் பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்ட் மேல் போய் விழுவார்.

ஜைப் திரும்ப, அதாவது காற்று முதுகுப் பக்கம் படும்படி திசை திரும்ப, அலைச் சரிவில் இறங்கும் நேரமே சரி. பலகை வேகமாகவும் பாய் லேசாகவும் இருக்கும் கணம் அது. வராவிட்டால் தண்ணீரில் விழுந்து வாட்டர்ஸ்டார்ட் செய்து, அதாவது பாயைக் காற்றில் தூக்கி அது இழுக்கப் பலகை மேல் எழுந்து, திரும்புங்கள், யாரும் சிரிக்கப் போவதில்லை. அலைப் பள்ளத்தில் காற்று குறைவு, முகட்டில் அதிகம். அதனால் அலை உங்களைத் தூக்கும் நேரத்தில் பாயைத் தூக்குங்கள். பள்ளத்தில் கிடந்து மல்லுக்கட்டினால் கைதான் சோர்ந்துபோகும்.

உடை விஷயத்தில் வெயிலை நம்பாதீர்கள். வெளியே சட்டையில்லாமல் நிற்கலாம் என்ற நாளில்கூடப் பெரிய ஏரியின் நீர் 10 டிகிரியில் இருக்கலாம். விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். பத்து நிமிடத்தில் விரல் சொன்னபடி கேட்காது. தண்ணீரின் சூட்டைப் பார்த்து, உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட் போடுங்கள், மேலே மிதவைச் சட்டை. அப்புறம், இடி கேட்டால் உடனே கரைக்கு. நீங்கள் பிடித்திருப்பது கார்பன் கம்பம்.

உடைந்தால் என்ன செய்வது? ஒருமுறை கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, மாஸ்டைப் பலகையோடு இணைக்கும் ரப்பர் மூட்டு எனக்கு அறுந்தது. பலகையை மட்டும் விடவே கூடாது, நீந்திப் போய்விடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைத்தேன். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் சர்வதேச சைகை. யாரும் பார்க்கவில்லை. பாயைக் கழற்றி மாஸ்டோடு சுருட்டிக் கட்டி, பலகை மேல் வைத்துக் குப்புறப் படுத்து, காற்றுக்குக் குறுக்கே சாய்வாகக் கையால் துடுப்பு போட்டேன். கரையேற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அதுவும் இறங்கிய இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி.

அதிலிருந்து தண்ணீரைத் தொடும் முன் அந்த மூட்டை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்க்கிறேன். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் புதிதுதான். ஹார்னஸ் பையில் இரண்டு மீட்டர் கயிறும் கிடக்கும்.