லினக்ஸ் பக்கம் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு ஜிபி ராம். திரையின் ஒரு பக்கக் கீல் தளர்ந்து போயிருந்தது. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்களாம். "தம்பி, லினக்ஸ்னு ஒண்ணு இலவசமா கெடைக்குதாமே, அதைப் போட்டுக் குடேன்" என்றார்.

விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு இயங்குதளம்தான் லினக்ஸ். போட்டுக் கொடுத்தேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அண்ணன் சொன்ன அந்த "இலவசம்" என்ற சொல்லிலிருந்துதான் கிளைக்கின்றன. இத்தனை வருடம் இதில் புழங்கிய பிறகு எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலையானதற்கும் ஒரே சொல்: ஃப்ரீ. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் படித்து மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983-இல் அறிவித்ததிலிருந்து இன்றுவரை இந்தக் குழப்பத்தை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமையும் கையில் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். விலைக்கு விற்பதற்கும் தடையில்லை. ஸ்டால்மனே 1985-இல் தன் ஈமேக்ஸ் உரை எடிட்டரைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். முப்பரிமாண வரைகலைக்கான பிளெண்டர் மென்பொருளின் கதை இன்னும் அழகு. அதை வைத்திருந்த நிறுவனம் நொடித்துப்போனபோது, 1 லட்சம் யூரோ கொடுத்தால் உரிமையை விட்டுத்தருகிறோம் என்றார்கள் முதலீட்டாளர்கள். பயன்படுத்தியவர்களும் ஆர்வலர்களும் ஏழே வாரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிவிட்டார்கள். 2002 அக்டோபரில் பிளெண்டரின் மூலநிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய நிரல் வரிகள், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. இன்று அதில் வரைகலை கற்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆகவே முதல் தவறு, க்ராக் போட்ட மென்பொருளையும் கட்டற்ற மென்பொருளையும் ஒரே தட்டில் வைப்பது. இரண்டுக்கும் காசு கொடுப்பதில்லைதான். ஆனால் ஒன்று பூட்டை உடைத்து எடுத்தது, இன்னொன்றில் பூட்டே கிடையாது. க்ராக் கோப்போடு சேர்ந்து என்னென்ன உள்ளே வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐநூறு ரூபாய்க்கு "எல்லா சாஃப்ட்வேரும்" போட்டுத் தருபவராலும் சொல்ல முடியாது.

போடுவதற்கு முன்

அவசரம்தான் இங்கே எதிரி. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வட்டில் ஒரு எழுத்தும் மாறாது. அரை மணி நேரம் ஒதுக்கி வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான். இந்தச் சோதனையைத் தாண்டி நேரே "வட்டை அழித்து நிறுவு" என்பதை அழுத்தியவர்கள் குடும்பப் படங்களை இழந்து வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வெளி வட்டில் ஒரு நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. "என் டி டிரைவ் கெட்டுப்போச்சு" என்று பதறி வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

லினக்ஸில் பல வகை உண்டு. எந்த லினக்ஸ் என்று மாதக்கணக்கில் ஆராய்வதும் வேண்டாம். லினக்ஸ் மின்ட், அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு போதும். எல்டிஎஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டிய ஆர்ச் லினக்ஸ் அருமையானதுதான், ஆனால் முதல் வாரத்துக்கு உரியதல்ல.

எனக்குத் தெரிந்து நன்றாகப் பலன் தந்த வழி வேறு. விண்டோஸிலேயே இருந்துகொண்டு ஒரு மாதம் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபிஸ், விஎல்சி என்று கட்டற்ற மென்பொருள்களில் பழகிவிடுங்கள். கை பழகிய பிறகு அடியில் இருக்கும் இயங்குதளம் மாறினால் அதிர்ச்சி இருக்காது. இதைத் தலைகீழாகச் செய்ததை ஒருமுறை மாநில அளவில் பார்த்தோம். 2011 முதல் தமிழக அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறந்து காட்ட யாரும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

தமிழ்க் கோப்புகள்

அண்ணனின் கணினியிலும் இந்தச் சிக்கல் வந்தது. கோயில் திருவிழா அழைப்பிதழைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். "லினக்ஸ்ல தமிழ் வராதா?" என்றார். கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின்மேல் எழுத்துரு தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும், அவ்வளவுதான். எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் எந்தக் கணினியிலும், எந்தக் கைபேசியிலும் படிக்கலாம். பழைய கோப்புகளை வட்டை அழிக்கும் முன்பே மாற்றி வைத்துவிடுங்கள்.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவியை நிறுவி, அதில் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சேர்த்தால் போதும். ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. ஆனால் தினமும் தமிழில் எழுதுபவர் தமிழ்99 பழகாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் படியுங்கள்

ஒரு சிக்கலைத் தேடினால் பத்து பேர் பத்துக் கட்டளை தருவார்கள். அவற்றை அப்படியே நகலெடுத்து டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஒட்டுவது பெருந்தவறு. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ என்ற சொல்லோடு தொடங்கும் கட்டளைக்கு உங்கள் கணினியில் போகாத இடமே கிடையாது. இணையத்திலிருந்து ஒன்றை இறக்கி அதை உடனே சூடோவோடு ஓட்டும் ஒற்றை வரிக் கட்டளைகள் அதைவிட ஆபத்து. ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று மேன் பக்கத்தில், அதாவது லினக்ஸிலேயே இருக்கும் கட்டளைக் கையேட்டில், பாருங்கள். ஐந்து நிமிடம்தான். இந்தப் பழக்கம் இருந்தால் ஆறு மாதத்தில் நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லித்தரும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். மென்பொருள் வேண்டுமென்றால் முதலில் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்தில் தேடுங்கள், அங்கே இல்லாவிட்டால் மட்டும் வெளியே போங்கள்.

"எல்லாரும் பார்க்கிறார்கள்" என்ற நம்பிக்கை

மூலநிரல் திறந்திருப்பதால் ஓட்டை இருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஆர்வலர்களே நம்பிக்கொண்டிருக்கிறோம். பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல. இணையத் தொடர்புகளைக் குறியாக்கிப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லில் 2012-இல் நுழைந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. உலகின் பெரும்பகுதி இணையத் தளங்கள் அதன்மேல் நின்றுகொண்டிருந்தன. அதைப் பராமரித்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள்.

எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் கலங்க வைத்தது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி அது, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். லாசே காலின் என்பவர் அதை ஊதியம் இல்லாமல் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தார். "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் வந்து திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். அதே சமயம் முன்பின் தெரியாத சில பெயர்கள் "ஏன் இவ்வளவு தாமதம், பராமரிப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று காலினை நச்சரித்தன. இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை, யாரும் சம்பளம் தருவதில்லை என்று அவர் 2022-இல் பதில் எழுதினார். கடைசியில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் ஒளித்து வைக்கப்பட்டது.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் வேலை செய்பவர். தொலைவிலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனது. அந்த அரை நொடி ஏன் என்று விடாமல் தோண்டினார், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான லினக்ஸ்களின் நிலையான பதிப்புகளுக்குள் போவதற்குள் அது நிறுத்தப்பட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நச்சரிப்புக் கடிதங்களைப் படித்தபோது, அவை நம்மில் பலர் சாதாரணமாக எழுதும் தொனியில் இருந்தன. "இன்னுமா சரிசெய்யவில்லை?" "இதை நம்பித்தான் என் வேலையே இருக்கிறது." காசு கொடுத்து வாங்கிய சரக்கைக் கேட்பதுபோல் கேட்கிறோம். மறுமுனையில் இருப்பவர் பகல் வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரை அவசரப்படுத்துவது பண்பு சார்ந்த தவறு மட்டுமல்ல. எக்ஸ்இசட்டுக்குப் பிறகு அதைப் பாதுகாப்புத் தவறு என்றே சொல்வேன்.

புதிதாக வருபவரை "இதுகூடத் தெரியாதா, கையேட்டைப் படி" என்று விரட்டுவதும், எது சிறந்த லினக்ஸ் என்று சண்டை போடுவதும் இதே நோயின் மறுபக்கம். விண்டோஸ் வைத்திருப்பவரை மட்டம் தட்டி ஒருவரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பங்களிப்பு என்ற பெயரில்

2020 அக்டோபரில் நடந்ததைக் கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்றிருந்தது. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய வெற்றுத் திருத்தங்கள் பராமரிப்பாளர்கள் தலையில் கொட்டின. மாதம் முடிவதற்குள் விதியையே மாற்ற வேண்டி வந்தது. சுயவிவரக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க இப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் சொந்த நிரலை வெளியிடும்போது உரிமக் கோப்பு வைக்க மறக்காதீர்கள். உரிமம் இல்லாவிட்டால், நிரல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும் அதை எடுத்துப் பயன்படுத்த சட்டப்படி யாருக்கும் உரிமை கிடையாது. ஜிபிஎல்லில் இருப்பதை எடுத்து மாற்றி விநியோகித்தால் உங்கள் மாற்றங்களையும் அதே உரிமத்தில் தர வேண்டும். எம்ஐடி உரிமம் அப்படிக் கேட்காது. இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

சரி, நிரல் எழுதத் தெரியாதவர் என்ன செய்வது? மென்பொருளில் கண்ட பிழையைத் தெரிவிக்கும் வழு அறிக்கை எழுதலாம், ஆனால் ஒழுங்காக. நான் ஒரு எடிட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பில் "கொடி" என்று தேடினால் எதுவும் கிடைக்கவில்லை, கண்ணெதிரே "கொடி" இருக்கிறது. "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை" என்று எழுத வந்துவிட்டு நிறுத்தினேன். "மரம்" என்று தேடினேன், கிடைத்தது. "செடி" கிடைத்தது. "கோடு" கிடைக்கவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவே இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்தக் கோப்பில் துண்டு துண்டாக இருந்தது, என் விசைப்பலகை தந்ததோ ஒற்றைக் குறி. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், எடிட்டர் அதைச் செய்யவில்லை.

இதை எழுதினேன்: எடிட்டரின் பதிப்பு எண், இயங்குதளம், மூன்று வரி உள்ள சிறு மாதிரிக் கோப்பு, என்ன தேடினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. தமிழே தெரியாத ஒருவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இரண்டு வடிவத்தின் குறியெண்களையும் கீழே கொடுத்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. தன் கணினியிலும் அப்படியே நடப்பதாகவும், "கௌ" வரிசைக்கும் ஒரு மாதிரி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். அனுப்பினேன். அடுத்த பதிப்பு வந்த அன்று அதே கோப்பைத் திறந்து "கொடி" என்று தட்டினேன். முதல் வரியிலேயே மஞ்சள் பூசி நின்றது.