படிக்காத கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

மேற்கோள் என்றாலே மாணவர்கள் பலருக்கும் கமா எங்கே, அடைப்புக்குறி எங்கே, ஆண்டு முன்னாலா பின்னாலா என்பதுதான் கவலை. அந்தத் தவறுகளை ஒரே உட்காரலில் திருத்திவிடலாம். கட்டுரையின் நம்பகத்தன்மையை உண்மையில் குலைப்பது வேறொன்று: தான் படிக்காததைப் படித்ததுபோல், கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் சேர்ப்பது. மற்ற பல தவறுகள் அதிலிருந்து கிளைப்பவைதான்.

இது நடக்கும் விதம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு கட்டுரையைப் படிக்கிறோம். அதில் வேறோர் ஆய்வைப் பற்றி ஒரு வரி வருகிறது. நம் வாதத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது, மூலத்தின் விவரமும் அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்திலேயே கிடைக்கிறது. இரண்டையும் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். மூலத்தை யாரும் திறப்பதில்லை.

இதில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில், ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில், ஐந்தே வாக்கியங்களில் ஒரு குறிப்பு வந்தது. மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது அபின் வகை வலி மருந்தை ஒரு தடவையாவது பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், முன்பு அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அதற்கு அடிமையானதாகத் தெளிவான பதிவு இருந்தது என்பது அதன் சாரம். வீட்டிலிருந்தபடி மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கடிதம் கைமாறக் கைமாற ‘ஆய்வு’ ஆனது. அந்த மருந்துகளால் யாரும் எளிதில் அடிமையாவதில்லை என்பதற்கு ஆதாரமும் ஆனது. 2017இல் அதே இதழில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள்: கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியவை 72 சதவீதம். அது மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லாமல் விட்டவை 80 சதவீதத்துக்கும் மேல். வட அமெரிக்காவில் இந்த அபின் வகை மருந்துகளுக்குப் பலர் அடிமையான ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள் பழக்கமும் துணைபோனது என்பது கணக்கெடுத்தவர்களின் முடிவு. ஐந்து வாக்கியங்களைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஆகவே மூலத்தைத் தேடித் திறங்கள். பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்று கட்டணச் சுவர் மறித்தால், ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்ற பதிப்புகளைப் பாருங்கள். எழுதியவரே இலவசப் படியை எங்காவது போட்டிருப்பார். நூலகரைக் கேட்கலாம், எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். எதுவுமே நடக்கவில்லையா, சரி, ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று நேர்மையாக எழுதிவிட்டு, நீங்கள் படித்த கட்டுரையை மட்டும் பட்டியலில் சேருங்கள். கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதும் இதே தவறின் தம்பிதான். ஆய்வின் வரம்புகள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபிறகு இன்னொரு படி கீழே போயிருக்கிறோம்: யாருமே எழுதாத கட்டுரையை மேற்கோள் காட்டுவது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. கருவி தரும் தலைப்பை முழுதாக மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் இருந்தால் அதைத் திறந்து, வரும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண் உண்மையாகவும் கட்டுரை வேறாகவும் இருப்பது உண்டு.

விக்கிப்பீடியாவைப் பற்றி நீட்ட வேண்டாம். தொடங்க நல்ல இடம். அடிக்குறிப்புகள் வழியே மூலத்துக்குப் போய்விடுங்கள்.

ஆய்விதழ்களில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ‘நிபுணர் மதிப்பாய்வு செய்யப்பட்டது’ என்று தளத்தில் போட்டுக்கொள்ள யாருக்கும் தடையில்லை. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஒரு பத்திரிகையாளர், வேண்டுமென்றே பெரும் பிழைகளை வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்து யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! அதற்காகத் திறந்த அணுக்கமே மோசம் என்று முடிவுகட்டாதீர்கள்; அந்த வகையில் தரமான இதழ்கள் ஏராளம். தரம் பார்த்துச் சேர்க்கும் திறந்த அணுக்க இதழ்ப் பட்டியலான டிஓஏஜேயில் இதழ் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். சில நாட்களிலேயே ஏற்றுக்கொள்வதாக உறுதி தரும் இதழிடம் ஜாக்கிரதை.

நல்ல இதழ் என்பதும் முழுக் காப்பு இல்லை. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த, 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வந்தது பெயர்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில். 2010இல் அதை இதழே திரும்பப் பெற்றது. பழைய பிடிஎஃப் கோப்பைக் கணினியில் வைத்திருப்பவருக்கு இது தெரியவே வராது. சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றியே எழுத வேண்டியிருந்தால், திரும்பப் பெறப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் பிறர் கருத்தைச் சொந்த நடையில் எழுதுவது. நாலு சொற்களை மாற்றி, மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் அது திருட்டில்தான் சேரும். பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். பத்தி முழுவதற்கும் சேர்த்து இறுதியில் ஒரே ஒரு மேற்கோள் வைப்பதும் குழப்பம். எந்த வரி உங்களுடையது, எது அவருடையது என்று படிப்பவருக்குத் தெரியாது.

மேற்கோள் வடிவத்துக்கு, ஏபிஏ முறையோ எம்எல்ஏ முறையோ, நெறியாளர் கேட்டது எதுவோ அதையே முழுக்கப் பின்பற்றுங்கள். மேற்கோள் பட்டியலைத் தானே தயாரிக்கும் ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் வேலையைக் குறைக்கும், ஆனால் அது தருவதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தை ஆள் பெயர் என்று எண்ணி, ‘நிறுவனம், உ. சு.’ என்று பட்டியலில் உட்காரவைத்துவிடும். இரண்டாகப் பிரிந்திருக்கும் பெயர்க் கட்டத்தை ஒற்றைப் புலமாக மாற்றினால் சரியாகிவிடும்.