சூரிய மின்சாரம்: ஆய்வக எண்களைக் கூரைக்குக் கொண்டுவரும்போது செய்யும் தவறுகள்

பேனலின் பின்பக்க லேபிளில் 400 வாட் என்று இருந்தால், எந்த நிலையில் அது 400 வாட் என்பதும் அங்கேயே இருக்கும். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். இந்த இரண்டும் வெளியில் சேர்ந்து வாய்ப்பது அரிது. அவ்வளவு வெயில் விழும்போது பேனல் சர்வசாதாரணமாக 60, 65 டிகிரிக்குப் போய்விடும். சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய 0.35% திறனை இழக்கும். 65 டிகிரியில் 14% குறைந்து, 400 வாட் 344 வாட் ஆகிவிடும். பேனலில் கோளாறு எதுவும் இல்லை. நிபந்தனையோடு கொடுத்த எண்ணை நிபந்தனையைக் கழற்றிவிட்டு எடுத்துக்கொண்டோம். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வெயிலை நினைத்துக் கணக்குப் போடுபவர்கள்கூட குளிரை மறந்துவிடுகிறார்கள். வெப்பநிலை இறங்கினால் பேனலின் வோல்டேஜ் ஏறும். 50 வோல்ட் பேனல்கள் இருபதைத் தொடராக இணைத்தால் 1000 வோல்ட். பேனலின் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரும் 1000 வோல்ட் வரை தாங்கும், சரியாகப் பொருந்துகிறது என்று தோன்றும். ஆனால் அந்த 50 வோல்ட்டும் 25 டிகிரிக்கான எண்தான். டிகிரிக்கு 0.3% என்று வைத்தால், 5 டிகிரி குளிருள்ள ஒரு விடியற்காலையில் வெளிச்சம் வந்ததும் அந்தத் தொடர் 1060 வோல்ட்டைக் காட்டும். இன்வெர்ட்டர் கெட்டுப்போக அது போதும். எத்தனை பேனல்களைத் தொடராக இணைக்கலாம் என்பதை அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, சாதனைச் செய்திகளைப் படிக்கும் விதம். 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் மின்கலத்தின் செயல்திறன் சுமார் 6%. பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் படிகப் பொருளால் செய்யும் மின்கலம் 2009-இல் 3.8% இல் தொடங்கி, இன்று 25 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. உண்மையிலேயே பிரமிக்க வைக்கும் வளர்ச்சி இது. ஆனால் இப்படிப்பட்ட சாதனை அளவீடுகள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள மாதிரியில் எடுக்கப்படுபவை. கூரைக்கு வரும் பேனல் கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர். பரப்பு பெருகும்போது மின்தடை இழப்பும் படலத்தில் வரும் குறைகளும் சேர்ந்தே பெருகும். ஈரமும் வெப்பமும் பெரோவ்ஸ்கைட்டை எவ்வளவு சீக்கிரம் சிதைக்கின்றன என்பது தனிக் கேள்வி. செயல்திறன் எண்ணில் அதற்குப் பதில் இருக்காது. செய்தியில் முதலில் பார்க்க வேண்டியது மாதிரியின் பரப்பும், எத்தனை மணி நேரம் எந்த நிலையில் ஓடியது என்பதும்தான்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஒளி உறிஞ்சும் அடுக்குகள் வைத்த அடுக்கு மின்கலங்கள் 33 சதவீதத்தைத் தாண்டியதும் 'ஷாக்லி–குவைசர் எல்லை உடைந்தது' என்று எழுதியவர்கள் உண்டு. 1961-இல் ஷாக்லியும் குவைசரும் கணக்கிட்டது, ஒரே சந்தி, அதாவது ஒளியை மின்சாரமாக்கும் ஒரே அடுக்கு கொண்ட மின்கலம் அதிகபட்சம் எட்டக்கூடிய செயல்திறனின் எல்லை. இரண்டு அடுக்குகளுக்கு எல்லை வேறு, இன்னும் உயரம்.

மாணவர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தலைப்பு, பேனலைக் குளிர்விப்பது. நல்ல தலைப்புதான். அதனாலேயே இதில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஓட்டியதால் பேனல் 20 வாட் கூடுதலாகத் தந்தது என்று அறிக்கை சொல்லும். அந்தத் தண்ணீரை ஏற்றிய பம்பு 40 வாட் எடுத்தது என்பது எங்கோ பின்னிணைப்பில் கிடக்கும், சில சமயம் அங்கும் இருக்காது. நிகர லாபத்தைச் சொல்லாத குளிர்விப்பு ஆய்வு பாதி ஆய்வுதான். அப்புறம், ஒரு பேனலைக் குளிர்வித்து, பக்கத்துப் பேனலை அப்படியே விட்டு ஒப்பிடுவார்கள். ஒரே மாடல் பேனல்களுக்கு இடையிலேயே ஓரிரு சதவீத வேறுபாடு இருக்கலாம். குளிர்விப்பு இல்லாமல் இரண்டையும் முதலில் சில நாள் ஓடவிட்டு அந்த வேறுபாட்டைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முடிந்தால் இடையில் இடம் மாற்றியும் பார்க்க வேண்டும்.

ஒளியை அளக்கும் கருவியைத் தரையில் கிடையாக வைத்துவிட்டு, சாய்ந்திருக்கும் பேனலின் செயல்திறனைக் கணக்கிடுவது இன்னொரு தவறு. சாய்ந்த பேனல்மேல் விழும் ஒளி வேறு, கிடைமட்டத்தில் விழும் ஒளி வேறு. கருவி பேனலின் தளத்திலேயே, அதே கோணத்தில் இருக்க வேண்டும். கருவியின் பிழை 3% என்றால், 2% முன்னேற்றம் கண்டதாக எழுதுவதற்கு இடமே இல்லை. இதையெல்லாம் வழிகாட்டும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ மாணவர்களின் உழைப்பு வீணாகாது.

நிழல் விஷயத்தில் உள்ளுணர்வு நம்மைத் தவறான பக்கம் தள்ளுகிறது. அறுபது மின்கலங்களில் ஒன்றை மட்டும் நிழல் மறைத்தால் அறுபதில் ஒரு பங்குதானே போகும் என்று நினைக்கிறோம். மின்கலங்கள் தொடராக இருப்பதால், நீர்க்குழாயின் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தது போல மின்னோட்டம் முழுவதும் அங்கே மட்டுப்படும். பொதுவாக இருபது மின்கலங்களுக்கு ஒன்று வீதம் மூன்று பைபாஸ் டையோடுகள், அதாவது மறைந்த பகுதியைத் தவிர்த்து மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பாகங்கள், வைத்திருப்பார்கள். அவை வேலை செய்தால் மூன்றில் ஒரு பங்கு இழப்போடு போகும். டையோடு பழுதாகியிருந்தால் மறைந்த மின்கலம் சூடேறிக் கருகும். ஆகவே கம்பம், தண்ணீர்த் தொட்டி, மரக்கிளை எதுவானாலும் அதன் நிழல் ஆண்டு முழுக்க எங்கெங்கே நகரும் என்று பார்த்துவிட்டுத்தான் பேனல்களின் இடத்தைக் குறிக்க வேண்டும்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் தவறு. வீட்டு மின்சாரத்துக்கான ஏசி சுவிட்சை எடுத்து சோலாரின் டிசி வயரில் போடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுகிறது, அதனால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டிசி பூச்சியத்துக்கு வருவதே இல்லை. பல நூறு வோல்ட்டில் அந்தத் தீப்பொறி நின்று எரியும். அந்த வோல்டேஜுக்கென்றே செய்த, டிசியைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டர் தவிர வேறு எதையும் அங்கே போடக் கூடாது. இரண்டு நிறுவனங்களின் கனெக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன என்பதற்காக அவற்றை இணைப்பதும் இதே வகை ஆபத்துதான்; தொடுபரப்பு சரியாக அமையாமல் சூடேறித் தீப்பிடிக்கும். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டோம், இனி தொடலாம் என்றும் நினைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை பேனல் பக்கத்து வயரில் முழு வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. முதலில் இன்வெர்ட்டர், அடுத்து டிசி ஐசொலேட்டர், பிறகு வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் நின்றுவிட்டதா என்று பார்த்த பின்பே கனெக்டர்.