ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன்: எடிட்டிங் பெட்டியில் செய்யும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பழைய பில்லிங் மென்பொருளை விடாத கடைகள் இன்னும் இருக்கின்றன. அதில் கொட்டேஷன் அடிக்கிற பெட்டிக்குள் பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எம்எஸ்எச்டிஎம்எல் எஞ்சின்தான், அதாவது வலைப்பக்கத்தைக் காட்டும் உள்பகுதி. 2022 ஜூன் 15-இல் விண்டோஸ் 10-இல் அந்த பிரவுசருக்கு ஆதரவு நின்றது, எஞ்சின் மட்டும் விண்டோஸுக்குள் இருக்கிறது.

என்டர் தட்டினால் வரிக்கு நடுவே பெரிய இடைவெளி விழுகிறது என்று சொல்லி, விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், யாரோ கொடுத்த 'ரகசிய' கோப்பை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. என்டருக்கு இடைவெளி விடும் 'பி' (பத்தி) டேக் போடுவதா, இடைவெளி விடாத 'டிவ்' போடுவதா என்பதை அந்தப் பெட்டியை வைத்திருக்கும் மென்பொருளே, 'டிவ் பிளாக் டிஃபால்ட்' என்ற கொடி மூலம் எஞ்சினுக்குச் சொல்ல முடியும். அது மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக எழுதி வைத்த வழி, உங்கள் மென்பொருளை எழுதியவரிடம் கேளுங்கள். அதுவரை ஷிஃப்ட் சேர்த்து என்டர் தட்டினால் போதும்.

பெட்டி பழைய எக்ஸ்ப்ளோரர் 7 மாதிரி நடந்துகொண்டால் ரெஜிஸ்ட்ரியில் 'ஃபீச்சர் பிரவுசர் எமுலேஷன்' என்ற சாவியில் (ஃபோல்டர் மாதிரியான இடம்) மென்பொருளின் எக்ஸ்இ கோப்புப் பெயரைப் போட்டு, எக்ஸ்ப்ளோரர் 11 மாதிரி நடக்கச் சொல்லும் 11000 என்ற எண்ணைக் கொடுக்கலாம், இதுவும் ஆவணத்தில் உள்ளதே. ஆனால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரின் பெட்டி ஹெக்ஸாடெசிமலில்தான் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) திறக்கும், நாம் வழக்கமாக எண்ணும் டெசிமலுக்கு மாற்றாமல் 11000 அடித்தால் உள்ளே போவது 69632. பிறகு 'இது வேலை செய்யாது' என்று வேறு பத்து சாவிகளைக் கிளறுவார்கள்!

அப்புறம் இடம். கணினி முழுவதற்குமான 'லோக்கல் மெஷின்' பக்கம் எழுதினால், 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் மென்பொருள் அதற்கென்றே உள்ள 'வாவ்6432நோட்' கிளையைத்தான் பார்க்கும். அந்தந்தப் பயனர் கணக்குக்கான 'கரண்ட் யூசர்' பக்கம் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறு அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட் கொடுத்து எடிட்டரைத் திறந்தால் மாற்றம் அந்த அட்மின் கணக்கில் போய் உட்காரும், கல்லாவில் இருப்பவருக்கு ஒன்றும் மாறாது. மாற்றியதும் மென்பொருளை மூடித் திறக்கவும் மறக்காதீர்கள்.

நம் பக்கத்தில் ஃபோல்டர் பெயர் தமிழிலோ மலையாளத்திலோ இருக்கும். அந்தப் பாதை உள்ள ரெக் கோப்பை (ரெஜிஸ்ட்ரியில் ஏற்றும் கோப்பு) நோட்பேடில் ஆன்ஸி என்ற பழைய எழுத்து வடிவில் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், யூனிகோடாக, அதாவது யுடிஎஃப்-16 எல்இ-யாகச் சேமிக்க வேண்டும். மதிப்பாக எழுதும் ஃபோல்டர் பாதையில் பின்சாய்கோட்டை (\) இரட்டையாகப் போடுங்கள்.

மாற்றும் முன் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து பேக்கப் வைத்திருக்கிறேன், பயமில்லை என்பதும் தவறு. அந்த பேக்கப்பை ஏற்றினால் பழைய மதிப்புகள் திரும்பி வரும், ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்த்தவை அப்படியே கிடக்கும். அவற்றைத் தேடிப்பிடித்து, பெயருக்கு நேரே சமக்குறியும் கழித்தல் குறியும் போட்ட ஒரு ரெக் கோப்பால் அழிக்க வேண்டும், அல்லது எடிட்டரிலேயே கையால் நீக்க வேண்டும்.