சுருங்கிக் கிடக்கும் பவளத்தைத் தேற்றுவது எப்படி?

போன கத்திரி வெயிலில் என் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கிற லெதர் கோரல் சுருண்டுவிட்டது. காளான் குடை மாதிரி விரிந்து, மேலெல்லாம் குட்டிக் குட்டிப் பாலிப்புகள் (பூ மாதிரி நீட்டிக்கொள்ளும் சின்ன உறுப்புகள்) ஆட நிற்கிற மென் பவளம் அது. நாலே நாளில் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. "மருந்து ஏதாவது ஊத்திப் பாரேன்டா" என்றார் அம்மா. நானும் டிப் (பவளத்தை முக்கி எடுக்கிற மருந்து) வாங்கி முக்கினேன், இடத்தை மாற்றினேன், லைட்டைக் கூட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

கடைசியில் பார்த்தால் தொட்டியே உப்பளமாகியிருந்தது. பாண்டி வெயிலில் தண்ணீர் குறையக் குறைய, பக்கெட்டில் கலந்து வைத்த உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஈசிஆரில் அந்த ஊர் உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே எத்தனை முறை போயிருக்கிறேன்! உப்பு அளவைப் பார்த்தால் 1.029 (நல்ல தண்ணீர் 1 என்றால் இதன் அடர்த்தி எவ்வளவு என்கிற கணக்கு). இருக்க வேண்டியது 1.025 அல்லது 1.026.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முறையில் மருந்து கடைசியில்தான் வரும்.

1. தொடாமல் பாருங்கள்

லெதர் கோரல் அவ்வப்போது பாலிப்பை உள்ளிழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு மெல்லிய தோலை உரிக்கும். பாம்பு சட்டை உரிப்பது போலத்தான், நோய் கிடையாது. சில நாளிலிருந்து ஓரிரு வாரம் வரை இழுக்கும். வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) லேசாக அந்தப் பக்கம் திருப்பி, தோல் அடித்துப் போகிற அளவுக்கு நீரோட்டம் கொடுங்கள். கையால் உரிக்க வேண்டாம்.

நிறம் வெளுத்து, ஆனால் சதை முழுதாக இருந்தால் அது வெளிறல். உள்ளே குடியிருக்கிற நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிட்டது என்று அர்த்தம். உயிர் இன்னும் இருக்கிறது. லைட்டைக் குறைத்துத் தேற்றலாம். சதை கரைந்து, பழுப்பாகக் கொழகொழவென்று வந்து, துர்நாற்றமும் அடித்தால் அழுகல். அது மட்டும்தான் அவசரம். அப்படியானால் நேரே ஐந்தாவது படிக்குப் போங்கள்.

2. தண்ணீரை அளங்கள்

முதலில் வெப்பநிலை. 24 முதல் 27 டிகிரி நல்லது. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அளந்தால்தான் உண்மை தெரியும், காலையில் எல்லாத் தொட்டியும் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இறங்கும். ஆனால் நம் கடற்கரை ஈரக் காற்றில் அது வறண்ட ஊரில் இறங்குகிற அளவுக்கு இறங்காது. மூடின பெட் பாட்டிலில் ஐஸ் வைத்து மிதக்க விடலாம், சடாரென்று குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உப்பு. முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை வைத்து அதைச் சரி பாருங்கள். அப்புறம் அம்மோனியா (பூஜ்யம்தான் இருக்க வேண்டும்), நைட்ரேட் (5 முதல் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு, இருந்தால் கவலை வேண்டாம்), காரத்தன்மை (8 அல்லது 9 டிகேஎச்; காரத்தன்மையை அளக்கும் அலகு அது).

ஊற்றுகிற தண்ணீரையும் விடாதீர்கள். குடிக்கிற ஆர்ஓ மிஷின் பலதிலும் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும். தொட்டிக்கு வேண்டியது டிடிஎஸ் பூஜ்யத்தை ஒட்டிய தண்ணீர்.

வீட்டில் கொசு மருந்து அடித்தீர்களா என்றும் யோசியுங்கள். அந்த மருந்துகளில் பலவும் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம்.

3. மெதுவாகச் சரிசெய்யுங்கள்

தவறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரே நாளில் சரிசெய்யப் போவதுதான் பெரிய ஆபத்து. உப்பு அளவை ஒரு நாளைக்கு 0.001 மட்டும் இறக்குங்கள். என் 100 லிட்டர் தொட்டியில் தினமும் மூன்றரை லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு நல்ல ஆர்ஓ தண்ணீர் ஊற்றினேன். நாலு நாளில் 1.025. காரத்தன்மை குறைவாக இருந்தால் நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான். தினமும் ஒரே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கண்ணை நம்ப முடியாது.

4. இரவில் டார்ச் அடியுங்கள்

தண்ணீர் சரியாக இருந்தும் பவளம் விரியாவிட்டால், லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நண்டு கிள்ளிக்கொண்டிருக்கும், இல்லை ஜோவா (பட்டன் மாதிரி கொத்தாக வளரும் பவள வகை) தின்கிற நத்தை ஒன்று ஒட்டியிருக்கும். டிப் இதற்குத்தான்: தொட்டித் தண்ணீரையே தனிக் கிண்ணத்தில் எடுத்து, பாட்டிலில் போட்ட அளவுக்கு மருந்து கலந்து, அதில் சொன்ன நேரம் மட்டும் முக்குங்கள். வேறு சுத்தமான கடல்நீரில் அலசிவிட்டுத் திருப்பி வையுங்கள். மருந்து கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

ஜோவா என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்த இனத்தில் சிலவற்றில் பேலிடாக்சின் என்கிற கொடிய விஷம் உண்டு. ஜோவா ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

5. அழுகினால் வெட்டுங்கள்

லெதர் கோரலைத் தொட்டிக்கு வெளியே கிண்ணத்தில் வைத்து, புது பிளேடால் அழுகலைத் தாண்டி நல்ல சதையில் அரை அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். மனசு கேட்காது, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் விட்டாலும் அழுகல் திரும்பும். வெட்டும்போது அது கக்குகிற விஷம் மற்ற பவளங்களைப் பாதிக்கும் என்பதால் தொட்டிக்குள் வைத்து வெட்டக் கூடாது. அலசி உள்ளே வைத்த பிறகு ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

நான் மென் பவளங்களை மட்டும் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கியதாக யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, கரண்ட். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தபோது ஹீட்டர், லைட் பற்றியெல்லாம் நான் கவலைப்படவில்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று ஓடினால் போதும், ஆக்சிஜன்தான் முதலில் தீரும். பம்ப் இல்லாவிட்டால் டம்ளரால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கரண்ட் வரும் வரை தீனி போடாதீர்கள்.

என் லெதர் கோரல் உப்பு சரியான பதினோராம் நாள் ஒரு ஓரத்தில் மட்டும் நாலைந்து பாலிப்பை நீட்டியது. முன்பு பதற்றத்தில் நான் அறுத்துப் போட்ட நல்ல துண்டு ஒன்றும் பிழைத்தது. வழவழப்பால் பசை ஒட்டவில்லை, சின்னக் கல்லோடு சேர்த்து ரப்பர் பேண்டைத் தளர்வாகச் சுற்றி நிழலான மூலையில் வைத்தேன். மூன்றாவது வாரம் ரப்பரைக் கழற்றும்போது கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது.