சேற்றில் ஒரு அரை மாரத்தான்: இங்கிலாந்தில் நண்பர்களோடு ஓடப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காக இங்கிலாந்து வந்த நம்மவர்கள் ஓட ஆரம்பிக்கும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். யாராவது ஒருவர் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பக்கத்துப் பூங்காவில் நடக்கும் பார்க்ரன்னுக்கு இழுத்துப் போவார். 2004இல் லண்டன் புஷி பார்க்கில் தொடங்கிய 5 கி.மீ. ஓட்டம் அது, காசு கிடையாது. பிறகு 10 கி.மீ., பிறகு கோடையில் சாலையில் ஒரு அரை மாரத்தான். குளிர்காலம் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுட்டி வந்து விழும். "மச்சான், அதே 21 கிலோமீட்டர்தான், ரோட்டுக்குப் பதிலா காட்டுப்பாதை. போட்டுடலாமா?" அன்று ராத்திரிக்குள் நாலைந்து பேர் பணம் கட்டியிருப்பார்கள்.

"அதே 21 கிலோமீட்டர்தான்" என்கிற நினைப்புதான் முதல் தவறு. பின்னால் வரும் பல தவறுகளும் அதிலிருந்து கிளம்புபவைதான்.

நவம்பர் முதல் மார்ச் வரை இங்குள்ள காட்டுப்பாதைகள் காய்வதே இல்லை. மழை அதிகம் என்பதைவிட, வெயிலுக்குச் சூடு இல்லை என்பதே காரணம். லண்டனுக்குத் தெற்கே நார்த் டவுன்ஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை; நனைந்தால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். பல இடங்களில் அதன்மேல் கூர்ங்கற்கள் கலந்த களிமண் படிந்திருக்கும். அது ஷூவைப் பிடித்து இழுக்கும். தெற்கே இறங்கினால் வீல்டு பகுதியின் கனத்த களிமண். ஒரே ஓட்டத்தில் இந்த மூன்றையும் மிதிக்க வேண்டியிருக்கும். பாக்ஸ் ஹில் உயரம் 224 மீட்டர்தான், நம் ஊர் மலைகளுக்கு முன்னால் அது ஒரு மேடு. ஆனால் அப்படிப்பட்ட மேடுகளை நாலு முறை ஏறி இறங்க வைத்தால் தொடை வேறு கதை சொல்லும்.

அதனால் தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை யோசியுங்கள். சாலையில் இரண்டு மணி நேரத்தில் முடிப்பவருக்குச் சேற்றில் இரண்டே முக்கால் மணி ஆனாலும் வியப்பில்லை. மூன்றைத் தாண்டினாலும் குறைவில்லை. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடுபவர்கள் முதல் 5 கி.மீ.யில் தங்களை எரித்துவிட்டு மீதியை நடந்தே கடப்பார்கள். பணம் கட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: இத்தனை மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று பல போட்டிகளில் வரம்பு இருக்கும். உங்கள் குழுவில் மிக மெதுவாக ஓடுபவரின் சேற்று வேகத்தை வைத்து அதைக் கணக்குப் பாருங்கள், அவருடைய சாலை வேகத்தை வைத்து அல்ல.

பயிற்சியும் அப்படித்தான். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும், ஆகவே வார நாட்களில் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் ஓட முடியும். சரி, அதில் தவறில்லை. ஆனால் வாரக் கடைசியிலாவது மண்ணில் இறங்க வேண்டும். சேற்றில் முதலில் களைப்பது மூச்சு இல்லை, கணுக்காலும் இடுப்பும்தான். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். கேலியாகத் தெரியும், பலன் உண்டு.

ஷூ

வீட்டில் இருக்கும் சாலை ஷூவைப் பழசு என்பதற்காகவே சேற்றுக்கு எடுத்துப் போவது பரவலான பழக்கம். "எப்படியும் வீணாகத்தானே போகுது" என்பது வாதம். அந்த ஷூவின் அடி ஏறக்குறைய வழவழப்பு. இறக்கத்தில் நீங்கள் ஓட மாட்டீர்கள், சறுக்குவீர்கள். சேற்றுக்கென்று விற்கும் ஷூவின் அடியில் 6 முதல் 8 மி.மீ. வரை முட்டுகள் இருக்கும். அவை உயரமாக இருந்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடையில் களிமண் அடைத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் அதுவும் வழவழப்பாகிவிடும்.

தண்ணீர் புகாத ஷூ வாங்கினால் கால் நனையாது என்று கடையில் சொல்வார்கள். கணுக்கால் வரை சேற்றில் இறங்கப்போகிறீர்கள். தண்ணீர் மேல்வழியாக வரும், வந்தபின் வெளியே போகாது. உள்ளே வாங்கி உடனே வடித்துவிடும் சாதாரண வலைத்துணி ஷூதான் நல்லது. பருத்தி சாக்ஸ் வேண்டாம், மெல்லிய கம்பளி சாக்ஸ் போடுங்கள். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு நுனியை உள்ளே செருகுங்கள். சேறு ஷூவை அப்படியே உருவிக்கொள்வதுண்டு, பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு.

குட்டையைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கிப் போகத்தான் தோன்றும். ஆனால் ஓரம்தான் சரிவாகவும் வழுக்கலாகவும் இருக்கும். முன்னால் போகிறவருக்கு எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டு நடுவிலேயே போய்விடுவது பல நேரம் பத்திரம். பாதையும் அகலமாகிக் கெடாது. அடிகளைச் சின்னதாக வையுங்கள். இறக்கத்தில் பயந்து பின்னால் சாயாதீர்கள், சாய்ந்தால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

குளிர் ஓடும்போது வராது, நின்றால் வரும்

ஐந்து டிகிரி, தூறல், காற்று. புறப்படும் இடத்தில் நம் ஆட்களைத் தனியாக அடையாளம் காணலாம்: உள்ளே பருத்திச் சட்டை, மேலே தடித்த ஹூடி, அதற்கு மேல் ஜாக்கெட். பத்தாவது நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். அந்த வேர்வையைப் பருத்தி பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு ஒரு ஏற்றத்தில் நடக்க ஆரம்பிக்கும்போதோ, வேலித்தடுப்பை ஏறிக் கடக்க வரிசையில் நிற்கும்போதோ, ஈரத்துணி மேல் காற்று பட்டு உடம்பு நடுங்கத் தொடங்கும். பருத்தியே வேண்டாம். மெல்லிய செயற்கைத் துணி ஒன்று, மடித்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் மழைச்சட்டை ஒன்று, கையுறை. புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு.

இதைவிட ஆபத்தானது முடித்தபின் வரும் அரை மணி நேரம். நனைந்த உடையோடு வாழ்த்துச் சொல்லி, செல்ஃபி எடுத்து, கடைசி ஆள் வரும்வரை கோட்டருகே நின்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சு குழறுவது, கைவிரல் பட்டன் போட மறுப்பது, சம்பந்தமில்லாமல் எரிச்சல்படுவது எல்லாம் உடல் வெப்பம் விழுகிறது என்பதன் அடையாளங்கள். முதலில் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள், தலைக்குக் கம்பளித் தொப்பி, ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது. கைதட்டல் அதற்கப்புறம்.

மாற்றுத்துணி எங்கே இருக்கிறது? காரில். கார் சாவி? நாலாவதாக வந்துகொண்டிருக்கும் நண்பரின் பையில், இன்னும் ஆறு கிலோமீட்டர் தள்ளி. குழுவாகப் போகிறவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. சாவியைப் பொருள் காப்பிடத்தில் ஒப்படையுங்கள், அல்லது முதலில் முடிக்கப்போகிறவரிடம் கொடுங்கள்.

நண்பர்கள்

சேர்ந்து ஓடுவதா, அவரவர் வேகத்தில் போவதா என்பதை முந்தின நாளே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் நடப்பது இது: வேகமானவர் மரியாதைக்காகக் காத்திருந்து குளிரில் விறைப்பார், மெதுவானவர் குற்ற உணர்ச்சியில் தன் சக்திக்கு மேல் ஓடி எட்டாவது கிலோமீட்டரில் சுருண்டுவிடுவார். "நீ போடா, நான் வந்துடுவேன்" என்று ஒருவர் சொன்னால் அதை முகதாட்சண்யமாக எடுத்துக்கொள்ளாமல் நம்பிப் போகலாம் என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். விதிவிலக்கு ஒன்றுதான்: அடிபட்டவரையோ நடுங்குகிறவரையோ தனியே விடக்கூடாது. என்னைக் கேட்டால் குழுவில் மெதுவான இருவர் ஜோடியாகப் போவதே நல்ல ஏற்பாடு.

கடைசி நேரத்தில் ஒருவரால் வர முடியாமல் போகும். அவருடைய எண் அட்டையை இன்னொரு நண்பர் மாட்டிக்கொண்டு ஓடுவது சிக்கனம் மாதிரி தெரியும். விழுந்து மயங்கினால் அமைப்பாளர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் வயது, மருத்துவ விவரம், உறவினர் தொடர்பு எல்லாம் தேடுவார்கள். வேறொருவரின் ஒவ்வாமைப் பட்டியல் உங்கள் மேல் ஒட்டியிருக்கும். பெயர் மாற்ற வழி இருந்தால் முறைப்படி மாற்றுங்கள், இல்லாவிட்டால் பணம் போனது போகட்டும்.

எண் அட்டையின் பின்புறம் அவசரத் தொடர்பு எழுதச் சொல்வார்கள். பழக்கதோஷத்தில் ஊரில் இருக்கும் அப்பா நம்பரை எழுதிவிடுகிறோம். அவரால் அங்கிருந்து என்ன செய்ய முடியும், பதறுவதைத் தவிர? இங்கே இருக்கும் ஒருவரின் எண்ணை எழுதுங்கள், அதுவும் அன்று உங்களோடு ஓடாத ஒருவரின் எண்ணை. உங்களோடு ஓடுகிறவரின் போனும் உறைக்குள், பைக்குள், சேற்றின் நடுவேதான் இருக்கும்.

காட்டுக்குள் சிக்னல் பலவீனமாக இருக்கலாம். அவசர உதவி எண்ணான 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இங்கே உண்டு, ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு சின்ன விசிலும் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது பிரிட்டனில் மலையேறுபவர்களின் ஆபத்து அழைப்பு.

சாப்பாடு

முந்தின ராத்திரி எல்லாரும் ஒரே வீட்டில் தங்கினால் பிரியாணி தவிர்க்க முடியாததாகிவிடும். காலையில் நடமாடும் கழிப்பறை முன் நிற்கும் வரிசையைப் பார்த்தபின் எல்லாருக்கும் ஞானம் பிறக்கும். தயிர்சாதம், இட்லி, உப்புமா, பழகிய எதுவும் போதும். வழியில் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் ஜெல்லி பேபி மிட்டாயைக் கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். அதில் பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின் இருக்கும். சைவக்காரர்கள் இரண்டு பேரீச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொள்வது மேல். வலிக்குமோ என்ற பயத்தில் ஓடும் முன்பே இபுப்ரோஃபென் போடாதீர்கள், நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

சேறு வெறும் மண் இல்லை

பாதை பல இடங்களில் ஆடு மாடு மேயும் வயல் வழியாகத்தான் போகும். 2008இல் வேல்ஸில் பில்த் வெல்ஸ் என்ற ஊரில் நடந்த ஒரு மலை சைக்கிள் போட்டிக்குப் பிறகு பலருக்குக் கேம்பிலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது. மழையில் கரைந்த ஆட்டுச்சாணம் முகத்தில் தெறித்து வாய்க்குள் போனதுதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். அதனால் தண்ணீர் பாட்டிலின் வாயைத் துடைக்காமல் உறிஞ்சாதீர்கள். முடித்ததும் வாழைப்பழத்தை உரிக்கும் முன் கையைக் கழுவுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் உங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள், வயல் கதவை நீங்கள் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. சேற்றோடு துணியை நேராக வாஷிங் மெஷினில் போட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். குளியல் தொட்டியில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கார்ப்பெட் கறையானால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். வெளியிலேயே வாளியில் அலசி, சேறு படிந்தபின் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், ரேடியேட்டர் மேல் வைத்தால் பசை விட்டுவிடும்.

கால் முழுக்க முள் கீறியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினாலோ, கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ, வெறும் ஃப்ளூ என்று பாரசிட்டமாலோடு படுத்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள். அந்தக் காய்ச்சல், எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம். அது இங்கே அரிது, அதனாலேயே உடனே யாருக்கும் நினைவுக்கு வராது. சேற்றில் ஓடிய தேதியையும் இடத்தையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.