ஆதித்திருச்சபைப் பெண்களைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

ஆதித்திருச்சபையில் பெண்களுக்கு என்ன இடம் இருந்தது என்று பேச்செடுத்தாலே, பலரும் நேராகப் பெண்கள் சபையில் பேசக்கூடாது என்ற வசனத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அங்கே தொடங்காதீர்கள். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, அப்போஸ்தலர் பவுல் ரோமச் சபைக்கு எழுதிய கடிதத்தில் கடைசி அதிகாரமான ரோமர் 16-ஐத் திறங்கள். வெறும் வாழ்த்துப் பட்டியல்தானே என்று நாம் தாண்டிப் போகிற அதிகாரம் அது.

அதில் வரும் பெண்களை ஒவ்வொருவராக எழுதுங்கள். பெயர் சொல்லாமல் வரும் ரூபின் தாயையும் நேரேயின் சகோதரியையும் சேர்த்தால் பத்துப் பேர். அப்புறம் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில், பவுல் அவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று குறியுங்கள்.

பெபேயாளிடம் அவசரப்படாதீர்கள். கெங்கிரேயா சபையின் "ஊழியக்காரி" என்று படித்ததும் ஏதோ எடுபிடி வேலை செய்தவர் போல நமக்குத் தோன்றிவிடுகிறது, ஆனால் கிரேக்கத்தில் அந்தச் சொல் தியாகொனோஸ். பிலிப்பியர் 1:1-இல் கண்காணிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் "உதவிக்காரர்" என்பதும் அதே சொல்தான், 1 கொரிந்தியர் 3:5-இல் பவுல் தன்னையும் அப்பொல்லோவையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார். திரிபேனாளும் திரிபோசாளும் "பிரயாசப்படுகிற" பெண்கள். தன் ஊழியத்தைச் சொல்லவும் பவுல் அதே வினையைத்தான் எடுக்கிறார் (1 கொரிந்தியர் 15:10).

அடுத்து யூனியா, "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்". பிற்காலத்தில் இவரை யூனியாஸ் என்று ஆணாக்கியவர்கள் உண்டு. ஆனால் அப்படியோர் ஆண் பெயர் பழைய எழுத்துகளில் கிடைக்கவே இல்லை. அப்போஸ்தலர்கள் அறிந்திருந்த ஒருவர் என்று மட்டும் பொருள்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியிலேயே பிரசங்கித்த திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோமோ, இவரைப் பெண் என்றும் அப்போஸ்தலர் என்றும் வியந்து புகழ்ந்திருக்கிறார். நான் அவர் பக்கம்தான்.

சரி, இப்போது அந்த "பேசக்கூடாது" வசனத்துக்கு வாருங்கள். 1 கொரிந்தியர் 14:34-ஐத் தனியாகப் படிக்காமல் 11:5-ஐயும் பக்கத்தில் வையுங்கள். பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடவேண்டும் என்கிறார் பவுல், அதாவது அவர்கள் பேசினார்கள். முழு மௌனம் என்று 14-ஐப் படித்தால் 11-ஐ என்ன செய்வது?

கடைசியாக வேதாகமத்துக்கு வெளியே ஒரு சாட்சி. சுமார் 112-இல் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகச் சொல்கிறார். அவர்களைக் கிறிஸ்தவர்கள் "மினிஸ்ட்ரே", அதாவது ஊழியக்காரிகள், என்று அழைத்தார்களாம். பெயர்களை அவர் எழுதவில்லை. உங்கள் பட்டியலின் அடியில் அந்த இருவருக்கும் இரண்டு வரி விடுங்கள்.